பேச்சுக் கேட்கும் வேகம்

மாப்ளே,

உன் போட்டு, அந்த டூரிஸ்ட் படகு, மறுபடியும் என் பெயிண்டிங் கடை வாசலுக்கு வந்துவிட்டது. உன்னுடையது என்று எழுதினால் முதலாளி கோபித்துக்கொள்வார். வாங்கியவர் அவர், பூப்பாறை தாண்டியிருக்கும் அணையில் அதை ஓடவிடுபவரும் அவர். ஆனால் போடியில் யாரைக் கேட்டாலும் அது உன் போட்டுதான். அதை மலைக்கு ஏற்றியதும், ஓட்டை விழுந்தபோதெல்லாம் ஒட்டுப்போடக் கீழே இறக்கியதும், சரியானதும் மறுபடி ஏற்றியதும் நீதான். பழைய டிரெய்லரிலேயே இருக்கிறது. மூக்கு தெருவைப் பார்த்திருக்கிறது, பின்பக்கம் என்னைப் பார்த்திருக்கிறது. பின்பக்கத்தில் நான் எழுதிய 25.

முதலாளி நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனார். அணைக்கு வருகிற டூரிஸ்டுகள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களாம். இது இருபத்தைந்தாம் நம்பர் போட்டு என்றால் மீதி இருபத்து நான்கு எங்கே? அங்கே ஓடுவது மொத்தமே ஆறு. பதில் சொல்லி மாளவில்லை, அதை அழித்துவிட்டு 6 என்று போட்டுக் கொடு என்றார். காலையில் கடையைத் திறந்ததும் தின்னர் டப்பாவைத் திறந்துவைத்தேன். துணியை நனைத்தும்விட்டேன். துணி காய்ந்துபோனது. மறுபடி நனைத்தேன், மறுபடி காய்ந்தது. தின்னர் வாடை என் மண்டையில் ஏறி உட்கார்ந்திருக்கிறதே தவிர நம்பர் அப்படியேதான் இருக்கிறது.

ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்குப் போகிற வழியில் தங்கச்சி இங்கே நின்றாள். உன் பெண்டாட்டியை நான் தங்கச்சி என்றுதானே கூப்பிடுவேன், இன்றும் அப்படித்தான். அவள் ஒரு கேள்வி கேட்டாள். நீ போன அன்று அவளிடம் நான் இரண்டு பொய் சொன்னேன் மாப்ளே. அந்த இரண்டையும் ஒன்றரை வருடமாக நம்பித்தான் அவள் எழுந்து நடமாடினாள். இன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாள். அவளிடம் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்கிறேன். கோழைத்தனம்தான். கைக்குக் கிடைத்தது ஸ்டிக்கர் தாள், அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பேனா வழுக்கிக்கொண்டே போகிறது.

நீ மெதுவாகப் போகிற ஆளே இல்லை. விடிந்ததும் முந்தல் ரோட்டில் எஸ்டேட் ஜீப்புகள் வரிசை கட்டும்போது உன் ஜீப்பு எங்கே என்று யாரும் தேடமாட்டார்கள். அது முன்னால் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஜீப்பு நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்புவாய். முதல் கொண்டை ஊசி வளைவில் கம்பியைப் பிடித்தவர்கள் போடிமெட்டில்தான் கையை எடுப்பார்கள். உன்னோடு ஒருதரம் வந்ததற்கே எனக்குக் காலைப் பலகாரம் நெஞ்சு வரை வந்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி நீ இரண்டு வருடம் சிரித்தாய்.

அப்படிப்பட்ட உன்னிடம்தான் முதலாளி போட்டை ஒப்படைத்தார். தூத்துக்குடிப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கியது. இதற்கு மேல் என் லாரி வராது என்று அந்த டிரைவர் மலையைப் பார்த்ததுமே சொல்லிவிட்டான். முதலாளி எங்கிருந்தோ ஒரு டிரெய்லரைக் கொண்டுவந்தார். உன் ஜீப்பின் பின்னால் கொக்கி வைத்து, பின்னைச் சொருகி, போட்டை ஏற்றிக் கயிறு கட்டினாய். தெருவே கூடி நின்றது. இந்த ஊரில் போட்டை யார் கண்டார்கள்? ராசிங்காபுரத்துப் பெரியவர் ஒருவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கண்மாய்க்குக் கொண்டு போகிறாய் என்று கேட்டார். "ஒங்க கண்மாய்க்குத்தான் அப்பு, தண்ணிய மட்டும் நீங்க கொண்டாங்க" என்றாய். அவர் அதை நம்பிவிட்டதுதான் வேடிக்கை.

அந்த முதல் பயணத்தில் நானும் இருந்தேன். அணையில் அறிவிப்புப் பலகை எழுதுகிற வேலை எனக்கு. நீ வழக்கம்போல ஏறினாய். எத்தனையாவது வளைவு என்று எனக்கு நினைவில்லை, ஜீப்பு திரும்பிவிட்டது, டிரெய்லர் திரும்பவில்லை. அது தன் பாட்டுக்கு வாலை வீசி ஓரச் சுவரில் உரசியது. இறங்கிப் பார்த்தோம். போட்டின் விலாவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. டிரெய்லரின் ஒரு சக்கரம் சுவர் மேலேயே ஏறி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது, அடி தெரியவில்லை. நீ ஒரு பீடியைப் பற்றவைத்துவிட்டு அதைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தாய்.

போடிமெட்டில் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ஒருவர் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டின் விலாவைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், வழக்கு எழுதவில்லை. "தனி ஜீப்புன்னு நெனச்சு ஓட்டாதய்யா. பின்னாடி ஒண்ணக் கட்டி இழுத்தா சட்டப்படி இருபத்தஞ்சு ஸ்பீடுதான். அதுக்கு மேல போனா அப்பறம் அது ஒன்ன இழுத்துட்டுப் போயிரும்" என்றார். உனக்கு யார் சொல்லியும் எதுவும் ஏறியதில்லை. அந்தச் சக்கரம் சுவர் மேல் நின்ற பிறகு சொன்னதாலோ என்னவோ, அது மட்டும் ஏறிவிட்டது.

மறுவாரம் போட்டுக்கு ஒட்டுப்போட்டு முடிந்ததும் என் கடைக்கு வந்து, பின்னால் பெரிதாக எழுது என்றாய். வரிசையாகப் பின்னால் வருகிறவன், இவன் ஏன் ஊர்கிறான் என்று தெரிந்துகொண்டு திட்ட வேண்டும் என்றாய். டிரெய்லரின் பின்பக்கம் வெறும் ஆங்கிள் கம்பி, எழுத இடமில்லை. அதனால் போட்டின் பின்பக்கத்திலேயே எழுதினேன். சிவப்பு, வெள்ளை ஓரம். கி.மீ. என்று கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இரண்டு போல்ட்டுக்கு நடுவே அந்த இரண்டு எண்ணும் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தன, சின்ன எழுத்தைச் சேர்த்து அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. என் கைத்திமிர். அதனால்தான் பார்த்தவர்கள் எல்லாம் அதைப் போட்டு நம்பர் என்று நினைத்தார்கள். வேகத்தை வண்டியில் எழுதாமல் போட்டில் எழுதிய ஊர் உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும்.

எழுதியாகிவிட்டது, அந்த வேகத்தில் போவது எப்படி? உன் ஜீப்பின் ஸ்பீடாமீட்டர் முள் பூஜ்யத்தை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. அதற்கு நீ கண்டுபிடித்த வழியைத்தான் நான் இன்றைக்கு வரை மறக்க முடியாமல் கிடக்கிறேன். முந்தல் ரோட்டில் என் பைக்கை முன்னால் விட்டாய். என் மீட்டர் வேலை செய்யும். இருபத்தைந்தில் நான் ஒரே சீராகப் போக, நீ போட்டைக் கட்டிய ஜீப்பில் இரண்டாவது கியரில் அதே வேகத்தில் பின்னால் வந்தாய். பக்கத்தில் தங்கச்சியை உட்காரவைத்து, வீட்டில் பேசுவது மாதிரியே அவளிடம் பேசிக்கொண்டு வந்தாய். கேட்டது. நான் முப்பதுக்குப் போனேன், உன் இஞ்சின் இரைந்தது. நீ பேசினாய், அவள் "என்ன?" என்றாள். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அவள் காதில் கையை வைத்துக்கொண்டு "என்ன, என்ன?" என்று சிரித்தது எனக்கே கேட்டது.

கணக்கு முடிந்தது. "சாதாரணமாப் பேசுனாக் கேக்கணும் மாப்ளே. கேட்டா இருபத்தஞ்சு. கேக்கலையா, சட்டத்த மீறிட்டோம்னு அர்த்தம்." அன்றிலிருந்து போட்டு பின்னால் இருக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் வளைவுக்கு வளைவு "கேக்குதா?" என்பாய். "கேக்குது" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் யாருமே இல்லாத நாளில் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, எனக்கு நானே பேசிக்கொள்வேன் என்றாய். போடிமெட்டு ரோட்டில் ஒருத்தன் தனியாகப் பேசிக்கொண்டே போட்டை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்த மலையாளத்துக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

எஸ்டேட் பெண்கள் உன்னை விடவில்லை. எங்களை ஏற்றினால் பறக்கிறாய், போட்டைக் கட்டினால் படுத்துக்கொள்கிறாய், எங்களைவிட அது உசத்தியா என்று ஒருநாள் பெட்டிக்கடை வாசலில் பிடித்துக்கொண்டார்கள். "நீங்க கூட இருக்கீங்க ஆத்தா, ஆடுனா அசைஞ்சா எனக்குத் தெரியும். அது பின்னாடி வருது. என்ன பண்ணுதுன்னு தெரியுறப்ப நேரம் கடந்து போயிருக்கும்" என்றாய். நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதை வெறும் பேச்சென்று நினைத்தேன்.

உன்னிடம் இன்னொரு ஒழுங்கும் வந்துசேர்ந்தது. பின்னால் நான்கு வண்டி சேர்ந்துவிட்டால், அகலம் கிடைக்கிற இடத்தில் ஓரங்கட்டி, கையை வெளியே நீட்டி எல்லோரையும் போகச் சொல்வாய். பத்து வருடமாக எவனுக்கும் வழிவிடாத கை. வழிவிட்டு அனுப்புவதில் ஒரு சுகம் இருக்கிறது என்று என்னிடம் சொன்னாய். நானும் அதைக் கற்றுக்கொண்டேன்.

இனி அந்த நாள்.

போட்டு மறுபடி ஒழுக ஆரம்பித்திருந்தது. மழைக்கு முன்னால் பட்டறையில் விட்டு எடுக்கலாம் என்று காலையிலேயே அணைக்குப் போனோம். இங்கே குளிக்கக் கூடாது என்று இரண்டு மொழியில் நான் பலகை எழுதி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. போட்டைக் கட்டிக்கொண்டு திரும்பும்போது பூப்பாறையில் மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும் வாங்கினாய். பாதியில் தட்டைத் தள்ளிவைத்தாய். நீ தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டு, கப்பை சேரவில்லை, வாய்வு என்றாய். போடிமெட்டில் ஒரு சோடா குடித்தாய். ஏப்பம் வந்தது. பார்த்தாயா, சொன்னேனே என்பது மாதிரி என்னைப் பார்த்தாய்.

அப்புறம் சாவியை என்னிடம் நீட்டினாய். "நீ ஓட்டு மாப்ளே. நான் கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நாம் சேர்ந்து திரிந்த இத்தனை வருடத்தில் அந்த ஸ்டியரிங்கை நீ யாரிடமும் கொடுத்ததில்லை. நான் கெஞ்சியும் கொடுத்ததில்லை. லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கிறவன் என்று என்னைக் கேலி செய்வாய். உண்மையைச் சொல்கிறேன், வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் முகம் வெளிறியிருந்தது, நான் சீட்டை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, பெரிய டிரைவர் மாதிரி கிளம்பினேன். வேண்டுமானால் நூற்றெட்டுக்குப் போன் போடட்டுமா என்று ஒருதரம் கேட்டேன். "வாய்வுக்கு நூத்தியெட்டா? ஊரே சிரிக்கும்டா" என்றாய். போனில் அப்போது சிக்னலும் இல்லை. இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

பதினேழு வளைவு. என் கண் முழுக்கக் கண்ணாடியில் தெரிகிற போட்டின் மேல் இருந்தது. இறக்கத்தில் அது முதுகில் ஏறி உட்கார்ந்து தள்ளுவது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீ சாய்ந்தபடியே வளைவுக்கு வளைவு "கேக்குதா?" என்றாய். "கேக்குது" என்றேன். நீ பரீட்சை வைக்கிறாய், நான் பாஸாகிக்கொண்டே வருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் வண்டிகள் சேர்ந்தன. ஹாரன் அடித்தார்கள். அகலமான இடத்தில் ஓரங்கட்டி, நீ செய்வது மாதிரியே கையை நீட்டிப் போகச் சொன்னேன். குடும்பத்தோடு ஒரு வெள்ளைக் கார் போனது. காலி மினி லாரி ஒன்று போனது. நம் ஸ்டாண்டு ஜீப்புக்காரன் ஒருத்தன் பக்கத்தில் வந்ததும் மெதுவாக்கி எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, டிரைவர் வச்சாச்சா?" என்று சிரித்தான். நீயும் சிரித்தாய், கையைக்கூட லேசாகத் தூக்கினாய். அவன் ஜீப்பில் ஆளே இல்லை மாப்ளே. பின் சீட்டு இரண்டும் காலி. நான் அவனுக்கும் கையைக் காட்டி வழிவிட்டேன்.

புலியூத்து தாண்டியதும் உன் "கேக்குதா" சன்னமாகிவிட்டது. எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. காதில் விழவில்லை என்றால் என்ன அர்த்தம்? வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். அதுதானே நம் கணக்கு. பிரேக்கை அழுத்தினேன். அடுத்த வளைவில் அதைவிடச் சன்னமாகக் கேட்டாய். இன்னும் குறைத்தேன். முதல் கியருக்கு வந்துவிட்டேன். உன் குரல் இறங்க இறங்க நான் வண்டியை மெதுவாக்கிக்கொண்டே வந்தேன். நீ சாகச் சாக நான் மெதுவாக்கினேன் என்று எழுதினால்தான் சரியாக இருக்கும். எழுதிவிட்டேன்.

கடைசி வளைவுக்குப் பிறகு நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். கண்ணை மூடியிருந்தாய். தூங்கிவிட்டான், நல்லதுதான் என்று நினைத்தேன். ரோட்டில் பள்ளம் வந்தது, குலுங்கினால் விழித்துக்கொள்வாய் என்று உருட்டிக்கொண்டு போனேன். முந்தல் செக்போஸ்டில் நின்றபோது உள்ளே குனிந்து பார்த்த ஆள்தான், இவர் ஒரு மாதிரி இருக்கிறாரே, தொட்டுப் பாருங்கள் என்றார். தொட்டேன். உன் கை வேர்வையில் நனைந்து சில்லென்றிருந்தது.

அதற்குப் பிறகாவது பறந்தேனா? ஆக்சிலேட்டரை மிதித்தேன், மிதித்த மாத்திரத்தில் போட்டு வாலை வீசியது, ஜீப்பே ஆடியது, பயந்துபோய் மறுபடி இரண்டாவது கியருக்கே வந்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அப்படியேதான்.

அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆள் ஒருவர் வெளியே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்ற போட்டைப் பார்த்தார். அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இதையும் இழுத்துக்கிட்டா வந்தீக? மேலயே கழட்டி விட்டுட்டு வந்திருக்கலாமேண்ணே."

மலை முழுக்க எனக்கு அது தோன்றவே இல்லை. உன் மேல் சத்தியமாகத் தோன்றவில்லை. போட்டு இருக்கிறது, அதனால் மெதுவாகப் போக வேண்டும் என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது. போட்டு இல்லாமலும் போகலாம் என்பது அங்கே இல்லை. எல்லோரும் உள்ளே இருந்தபோது நான் வெளியே வந்து ஜீப்பின் பின்னால் குனிந்து அந்தக் கொக்கிப் பின்னைப் பிடித்து இழுத்தேன். இறுகியிருக்கும், சுத்தியல் வேண்டும், நேரமாகும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. நீ வாராவாரம் கிரீஸ் போட்டு வைத்திருந்தாய்.

அன்று சாயங்காலம் உன் வீட்டில் தங்கச்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வேகமாகத்தானே வந்தீர்கள் என்று கேட்டாள். "பறந்து வந்தோம் தங்கச்சி, ஒரு நிமிசம் வீணாக்கலை" என்றேன். கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். "ஒம் பேரத்தான் சொன்னான்" என்றேன். அவள் சட்டையை விட்டுவிட்டாள். அது போதும்ணே என்று சொல்லி உன் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த இருபத்தைந்து என்னைத் தின்றது. சில மாதம் கழித்து லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில், விவரம் தெரிந்த ஒரு குமாஸ்தாவிடம் கேட்டேன். பழுதாகி நிற்கிற வண்டியைக் கட்டி இழுப்பதற்குத்தான் இருபத்தைந்து, டிரெய்லருக்கு வேறு கணக்கு, மலை ரோட்டில் பலகையில் போட்டிருப்பது இன்னொரு கணக்கு என்று விளக்கினார். எனக்குப் பாதி புரியவில்லை. எதற்குக் கேட்கிறாய் என்றார். சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எந்தச் சட்டமும் உசுருக்குப் போராடுறவன மெதுவாக் கொண்டு போன்னு சொல்லலையேய்யா" என்றார். எனக்கும் அது தெரியும். இன்ஸ்பெக்டர் மேல் தப்பில்லை, சட்டத்தின் மேல் தப்பில்லை, உன் மேலும் தப்பில்லை. பழிபோடுவதற்கு ஒரு ஆள் கிடைக்குமா என்று தேடித்தான் போனேன், கிடைக்கவில்லை.

இன்று காலையில் தங்கச்சி போட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். கையில் சாப்பாட்டுப் பை. அவள் சேலையில் எப்போதும் இருக்கிற ஏலக்காய் வாசம் தின்னரையும் மீறி வந்தது. 25 மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தாள். "இத எழுதுன அன்னைக்கு நான் ஜீப்புல ஒக்காந்து என்ன, என்னன்னு கேட்டுக்கிட்டே வந்தேன். ஞாபகம் இருக்காண்ணே?" என்றாள். இருக்கிறது என்றேன். சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. விரல் இன்னும் அந்த எண்ணின் மேலேயே இருந்தது.

"அன்னைக்குப் பறந்து வந்தோம்னீக."

"ஆமா தங்கச்சி."

"அப்ப அவரு எம் பேரச் சொன்னது ஒங்களுக்கு எப்படிண்ணே கேட்டுச்சு?"

நான் குனிந்து துணியை எடுத்தேன். அதைப் பிழிந்தேன். பிழிவதற்கு அதில் ஒன்றுமில்லை. அவள் நின்றாள். கோபமாக இல்லை, பொறுமையாக, பஸ்சுக்கு நிற்பது மாதிரி நின்றாள். மெதுவாகத்தான் வந்தோம் என்று சொன்னால் அவள் பேர் அவளுக்கு மிஞ்சும். பறந்துதான் வந்தோம் என்று சொன்னால், என்னால் ஆனதைச் செய்தேன் என்ற ஆறுதல் மிஞ்சும். ஏதாவது ஒன்றையாவது கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை மாப்ளே, இரண்டுமே பொய். சோலி கிடக்கிறது என்று கிளம்பிவிட்டாள். வர்றேண்ணே என்று சொல்லாமல் அவள் இந்த வாசலை விட்டுப் போனது இதுதான் முதல் தடவை. இனி நின்று பேசுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேலே எழுதியதற்கும் இதற்கும் நடுவே எழுந்துபோய் நம்பரை அழித்துவிட்டேன். 2 ஒரு துடைப்பில் போய்விட்டது. 5 வெயிலில் இறுகிப்போயிருந்தது, அழிக்க அழிக்க நிழலாக நின்றது. அதன் வயிற்றை ஒரு வளைவில் மூடினேன், 6 ஆகிவிட்டது. நல்ல எழுத்து. நாளைக்குப் புது டிரைவர் ஒருத்தன் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போவான். நீ போன பிறகு வாங்கிப் போட்ட வேறு கொக்கிப் பின்தான் அதில் இருக்கிறது. உன்னுடையது என் சட்டைப் பையிலேயே கிடக்கிறது, துவைக்கும்போது எடுத்து வைத்து மறுபடி போட்டுக்கொள்கிறேன். கிரீஸ் கறை போகவில்லை என்று வீட்டில் திட்டு. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் பேச்சை நிறுத்தினால் ஓரங்கட்டி இறங்கித் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். இதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது தெரிந்துதான் செய்கிறேன்.

தங்கச்சியிடம் சொன்ன பொய் இரண்டு என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது மொத்தம் மூன்று. கடைசி வளைவில் நீ என் பக்கம் தலையைத் திருப்பினாய். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் பேர் இல்லை. வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டாய், உதட்டைப் பார்த்தே தெரிந்தது. எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை மாப்ளே. ஆனால் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டி, "கேக்குது" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.